இரண்டு வீட்டுப் பூனை

வீடு மாற்றும்போது பூனைகளைக் கொண்டுபோவதுதான் பெரும்பாடு என்று ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். பயமுறுத்தியவர்கள் யாருக்கும் என் நாத்தனாரைத் தெரியாது.

என் கணவருக்கு ஃபேக்டரியில் கூலிமுக்கு மாற்றல் வந்திருந்தது. செனாயில் பதினாறு வருஷம் இருந்த வீட்டைக் காலி செய்துகொண்டு, நாட்டின் தெற்குக் கோடியிலிருந்து வடக்குக் கோடிக்குப் போக வேண்டும். காரில் ஏழெட்டு மணி நேரம். எனக்குத் துளியும் இஷ்டமில்லை. பாலர் பள்ளியில் நான் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட வேண்டும். மூன்று நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். நான்காம் நாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். மூன்று பூனைகளும் நம்மோடு வர வேண்டும், ஒன்று குறைந்தாலும் நான் வரமாட்டேன் என்றேன். அவர் உடனே சரி என்றார். இவ்வளவு சுலபமாகச் சம்மதித்துவிட்டாரே, இன்னும் ஏதாவது கேட்டிருக்கலாமே என்று அப்புறம் தோன்றியது.

பூனைகளின் பெயர்களை நான் சொல்லப் போவதில்லை. சொல்லிக் கூப்பிட்டாலும் அவை வரப் போவதில்லை. முதலாவது ஒரு தடியன், சாம்பல் நிறம், ஆறு கிலோ. தின்பதும் தூங்குவதும் தவிர வேறு லட்சியம் கிடையாது. இரண்டாவது மகாராணி. பாய் விரித்த இடமாகப் பார்த்துத்தான் வாந்தி எடுப்பாள். மூன்றாவதுதான் பிரச்சினை. ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு மழை நாளில் எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் இருக்கும் பெரிய கால்வாயில் கத்திக்கொண்டிருந்த குட்டி. நான்தான் குடையைக் கீழே போட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கித் தூக்கி வந்தேன். ஆகவே அது என் பூனை. இதில் சந்தேகம் வர என்ன இருக்கிறது?

சந்தேகம் பக்கத்து வீட்டில் இருந்தது. பக்கத்து வீட்டில் இருப்பவர் தமிழ் முஸ்லிம். செனாய் கடைத்தெருவில் அவருடைய கணவர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அவர் தவறிய பிறகு கடையை விற்றுவிட்டார்கள். பிள்ளைகள் மூன்று பேரும் சிங்கப்பூரில். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவர்கள் வழக்கப்படி அக்காவை ராத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிடுவேன். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். மூன்றாவது பூனைக்கு அந்தச் சுவர் ஒரு பொருட்டே இல்லை.

அதற்கு ஒரு கால அட்டவணை இருந்தது. காலைச் சாப்பாடு என்னிடம். மத்தியானம் ராத்தாவிடம் மீன். சாயங்காலம் எங்கள் ஐந்தடி வராந்தாவில் தூக்கம். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் சைவம் என்பதால் அன்றைக்கு முழுநாளும் அங்கேதான். புரட்டாசி வந்துவிட்டால் ஒரு மாதத்துக்கு எங்களைத் திரும்பியும் பார்க்காது. தெருவில் பார்த்தால் யாரோ தெரிந்தவர்கள் என்பது மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும். நோன்பு மாதத்தில் ராத்தா விடிகாலை சஹர் சாப்பாட்டில் அதற்கும் ஒரு பங்கு வைத்துவிடுவார். அதன் பிறகு அந்த வீட்டு அடுப்பு சாயங்காலம்தான் எரியும் என்பதால், பகல் முழுக்க எங்கள் வீட்டு அடுக்களையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் இருவர் வீட்டுப் பண்டிகைக் காலண்டரும் எங்களைவிட அந்தப் பூனைக்கு நன்றாகத் தெரியும். நான் அதை ஒரு பெயரில் கூப்பிட்டேன், ராத்தா வேறு பெயரில் கூப்பிட்டார். இரண்டு பெயருக்கும் அது ஒரே அளவு அலட்சியம்தான் காட்டியது.

நாங்கள் போகிற விஷயத்தை ராத்தாவிடம் முதல் ஆளாகச் சொன்னேன். எந்தத் தேதி, எந்த ஊர், புது வீட்டில் எத்தனை அறை, வாடகை எவ்வளவு, பின்பக்கம் துணி காயப்போட இடம் இருக்கிறதா, எல்லாம் சொன்னேன். பூனைகளைக் கொண்டுபோகிறோம் என்றும் சொன்னேன். எத்தனை பூனை என்று சொல்லவில்லை. ராத்தாவும் கேட்கவில்லை. தடியனையும் மகாராணியையும்தான் நான் சொல்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டது எனக்கு அப்போதே தெரியும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். அப்படி ஒரு மாதம் நாளைக்கு நாளைக்கு என்றே போயிற்று.

அந்த ஒரு மாதமும் நான் மற்ற எல்லோரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். பூனைகளைக் காட்டும் கிளினிக்கில் சொன்னார்கள், கூண்டுகளை முன்கூட்டியே வாங்கிக் கூடத்தில் திறந்து வையுங்கள், உள்ளே சாப்பாடு வையுங்கள், பூனை அதைத் தன் வீடு என்று நினைத்துக்கொள்ளும் என்று. வைத்தேன். தடியன் தலையை மட்டும் உள்ளே விட்டு மூன்று கூண்டிலும் இருந்த சாப்பாட்டைக் காலி செய்துவிட்டு, கூண்டின் மேலே ஏறிப் படுத்துக்கொண்டான். மகாராணி கூண்டுக்குள் போனாள். போய் வாந்தி எடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். மூன்றாவது, கூண்டுகளை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, சுவர் ஏறி அந்தப் பக்கம் குதித்துவிட்டது.

பயணத்தன்று கொடுக்கச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். ஒத்திகை பார்க்கலாம் என்று தடியனுக்கு அரை மாத்திரை கொடுத்தோம். என் கணவர் பிடித்துக்கொண்டார், நான் வாயைத் திறந்தேன். மாத்திரை என் கணவரின் சட்டையில் இருந்தது. தடியன் வாயில் நுரை தள்ளியது. கசப்புக்குத்தான் நுரை, பயப்படாதீர்கள் என்று கிளினிக்கில் சொல்லும்வரை நான் நடுங்கிப்போயிருந்தேன். அவன் பிறகு தூங்கவும் இல்லை. ராத்திரி முழுக்க அலமாரியின் மேல் உட்கார்ந்து எங்களை முறைத்துக்கொண்டிருந்தான்.

இந்த லட்சணத்தில் பத்து பாகாட்டிலிருந்து என் நாத்தனார் வந்து சேர்ந்தார். என் கணவரின் அக்கா. தம்பி புது வீட்டுக்குப் போகும்போது விளக்கை அக்காதான் கையில் எடுத்துப் போக வேண்டும், மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர்தான் பால் காய்ச்ச வேண்டும். முறை என்றால் முறைதான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வந்த அன்றைக்கே, கூடத்தில் வரிசையாக இருந்த கூண்டுகளைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"ஏம்மா, கெளம்பும்போது பூனை குறுக்க போனாலே ஆகாதுன்னு சொல்வாங்க. நீ என்னடான்னா மூணு பூனையை கூடவே தூக்கிட்டு கெளம்புற."

"குறுக்க போகாது அண்ணி. கூண்டுக்குள்ளதான் இருக்கும். நம்ம போற பக்கமேதான் அதுவும் வரும்."

இந்த வாதத்தில் ஏதோ நியாயம் இருப்பதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். இரண்டு நாள் யோசித்து ஒரு சட்டம் போட்டார். விளக்கும் சாமி படமும் இருக்கிற காரில் பூனை வரலாம், ஆனால் முன்சீட்டில் விளக்கோடு அவர், பின்சீட்டில் பூனைகளோடு நான். நல்ல நேரத்தில் கார் நகரும் வரைக்கும் பூனை எதுவும் கண்ணில் படக் கூடாது. கார் நகர்ந்து எலுமிச்சம்பழம் நசுங்கிய பிறகு, நான் பின்பக்கமாகக் கூண்டுகளை ஏற்றிக்கொள்ளலாம். என் கணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காருக்கு டயர் காற்றுப் பார்க்கப் போய்விட்டார். இந்த மாதிரி நேரங்களில் எங்கள் காரின் டயர்களுக்கு மட்டும் குறையே இருக்காது.

புறப்படுகிற நாள். சாமான் லோரி விடிந்ததும் போய்விட்டது. ஒன்பதரைக்கு மேல் நல்ல நேரம். ராத்திரியே மூன்று பூனைகளையும் குளியலறையில் அடைத்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகப் பிடித்துக் கூண்டில் போடுவதற்குள் என் இரண்டு கையிலும் மார்க்கு போட்டுவிட்டன. மூன்றாவதின் கூண்டில் கதவுக் கொக்கி ஒன்று உடைந்திருந்தது. கூடத்தில் வைத்திருந்தபோது தடியன் மேலே ஏறிப் படுத்ததன் பலன். ராஃபியா கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். கண்ணில் படக் கூடாது என்பதால் மூன்று கூண்டுகளையும் கேட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, மேலே ஒரு பழைய பாத்தேக் சாரோங்கைப் போர்த்தினேன். நாத்தனாரின் கண்ணிலிருந்து மட்டுமல்ல, ராத்தாவின் கண்ணிலிருந்தும் மறைக்கத்தான் அந்தத் துணி என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. ராத்தா வழியனுப்ப அவர் வீட்டுக் கேட்டருகே வந்து நின்றுகொண்டிருந்தார்.

நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நாத்தனார் தேங்காயில் சூடம் ஏற்றி காரை மூன்று சுற்று சுற்றி, தம்பியிடம் கொடுத்தார். எங்கே உடைப்பது என்று அவர் ஒரு நிமிஷம் சுற்றிப் பார்த்தார். ரோட்டில் உடைத்தால் சில்லு பறந்து யாருடைய காரிலாவது படும் என்று நல்ல பிள்ளையாக யோசித்து, கேட்டுத் தூணுக்குப் பக்கத்தில் இருக்கும் கால்வாய் சிமெண்டு மூடியின் மேல் ஓங்கிப் போட்டார். அந்தத் தூணுக்குப் பின்னால்தான் கூண்டுகள்.

வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். தேங்காய்த் தண்ணீர் சாரோங்கின் மேல் தெறித்தது. அடுத்த நொடி சாரோங் எழுந்து நின்றது. ராஃபியா கயிறு எப்போது அறுந்தது, கதவு எப்போது திறந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நீலப் பூப்போட்ட பாத்தேக் துணி ஒன்று தரையோடு தரையாக, காருக்கு நேர் முன்னால், இடமிருந்து வலமாகக் குறுக்கே ஓடியது. ராத்தா வீட்டுக் கேட்டருகே துணியை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டு, பூனை உள்ளே போய்விட்டது.

நாத்தனார் மெதுவாக, தெளிவாகச் சொன்னார். "நில்லுங்க எல்லாரும். உள்ள போயி உக்காந்து தண்ணி குடிச்சிட்டுத்தான் மறுபடி கெளம்பணும்."

உட்கார நாற்காலி இல்லை, குடிக்க ஒரு கிளாஸ் இல்லை. எல்லாம் லோரியில் போய்விட்டது. காலி வீட்டின் அடுக்களையில் என் கணவரும் நாத்தனாரும் குழாயடியில் குனிந்து கையால் தண்ணீர் ஏந்திக் குடித்ததை நான் பார்த்தேன். சிரிக்கிற நிலையில் நான் இல்லை. நான் ராத்தா வீட்டுக்குள் போனேன்.

பூனை துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் புகுந்திருந்தது. நான் தரையில் படுத்துக் கையை நீட்டினேன். எட்டவில்லை. கூப்பிட்டேன். ஒரு கண் மட்டும் தெரிந்தது, அதுவும் என்னைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே ராத்தாவின் குரல் கேட்டது.

"இதையும் கொண்டு போறியா புள்ள?"

நான் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசுவது சுலபமாக இருந்தது. "ஆமா ராத்தா. ஊசி எல்லாம் போட்டாச்சு. புத்தகம்கூட எடுத்திருக்கேன்."

ராத்தா அறைக்குள் போனார். திரும்பி வரும்போது அவர் கையிலும் ஒரு புத்தகம் இருந்தது. வேறு கிளினிக், அதே மாதிரி அட்டை. உள்ளே அவர் வைத்த பெயர், ஒவ்வொரு வருஷமும் போட்ட ஊசியின் ஸ்டிக்கர். ஆறு வருஷமாக அந்தப் பூனைக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை ஊசி போட்டிருக்கிறோம், நான் ஒன்று, அவர் ஒன்று. அதற்கு அலட்சியம் வந்ததில் ஆச்சரியமே இல்லை. எனக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, ராத்தாவின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"எம்புள்ளைங்க மூணு பேரும் ஒவ்வொருத்தரா சிங்கப்பூர் போச்சுங்க," என்றார். "ஒண்ணுகூட சொல்லாம போகல புள்ள."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். ஒரு மாதமாக நான் அதற்குத்தான் தயாராக இருந்தேன், கால்வாயில் இறங்கினது யாரு என்று கேட்க வேண்டும் என்று மனதுக்குள் வரிவரியாக எழுதி வைத்திருந்தேன். அவர் கோபப்படவே இல்லை. குனிந்து, தான் வைத்த பெயரை ஒரு தடவை சொன்னார். பூனை மெஷினுக்குப் பின்னாலிருந்து வந்து அவர் கைக்குள் ஏறிக்கொண்டது. வெளியே வந்து, தானே கூண்டுக்குள் வைத்து, ராஃபியா கயிற்றை என்னைவிட நன்றாக நாலு முடிச்சுப் போட்டுக் கட்டினார். "நீதானே தூக்கிட்டு வந்த. உன்னுதுதான். பத்திரமா போங்க," என்றார்.

அந்த இடத்திலேயே நான் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது, வெட்கம் வந்தால் எனக்குப் பிடிவாதமும் கூடவே வரும். மூன்று என்று சொல்லிவிட்டேன், மூன்றுதான். கூண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினேன். பூனை தாண்டிப்போன எலுமிச்சம்பழங்களுக்குப் பதிலாகப் புதுசு வைக்க வேண்டும் என்றார் நாத்தனார். "அக்கா, போதும்லா," என்று என் கணவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

கூலாய் டோலைத் தாண்டுவதற்குள் மகாராணி கூண்டுக்குள் தன் வேலையைக் காட்டிவிட்டாள். வாந்தி இல்லை, அதைவிட மோசம். ஏர்கோன் காற்று அந்த வாசனையை முன்சீட்டு, பின்சீட்டு என்று பாகுபாடில்லாமல் எடுத்துப்போனது. நாத்தனார் விளக்கை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். ஹைவே இரைச்சலில் தடியன் ஊளையிட ஆரம்பித்தான். அது பூனைச் சத்தமே இல்லை. பக்கத்துத் தடத்தில் போன லோரிக்காரர் எட்டிப் பார்த்தார். ஜன்னலை மூடினோம். வாசனை. திறந்தோம். ஊளை. சிம்பாங் ரெங்கம் வரைக்கும் இதே விளையாட்டு.

மூன்றாவது மட்டும் சத்தமே போடவில்லை. கூண்டின் மூலையில் தன்னை ஒடுக்கிக்கொண்டு, பின்பக்கத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. நல்ல பிள்ளை, இது ஒன்றாவது சமத்தாக இருக்கிறதே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சிம்பாங் ரெங்கம் தாண்டும்போது போன் வந்தது. ராத்தா.

"புள்ள, சொல்ல மறந்துட்டேன். அதுக்கு கிண்ணத்துல தண்ணி வச்சா குடிக்காது. குழாயை லேசா தொறந்து விடணும்."

என் வீட்டில் கிண்ணத்தில்தான் குடிக்கும். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். சரி ராத்தா என்று வைத்தேன்.

மாச்சாப்பில் காரை நிறுத்தினோம். ஹைவே ஓய்விடமான ஆர் அண்ட் ஆர் நிழலில் மூன்று கூண்டையும் இறக்கி மகாராணியின் கூண்டைக் கழுவினேன். அதற்குள் ஒரு மலாய்க் குடும்பமே சுற்றி நின்றுகொண்டது. கோமெல், கோமெல், என்ன அழகு என்று மலாயில் கொஞ்சிக்கொண்டு ஆளுக்கு ஒரு விரலைக் கம்பிக்குள் விட்டார்கள். ஒரு பெரியவர் தன் பொரித்த கோழியில் ஒரு துண்டைப் பிய்த்துத் தடியனுக்குக் கொடுத்தார். காலையிலிருந்து வெறும் வயிற்றோடு வைத்திருக்கச் சொன்ன கிளினிக்காரர்களை நினைத்துக்கொண்டு, நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அது உள்ளே போய்விட்டது. யோங் பெங்கில் அது திரும்பி வந்தது.

மாச்சாப்பிலும் ராத்தாவின் போன். "இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில போயிடும் புள்ள. வெளிய இழுக்காத. பக்கத்துல உக்காந்து ஏதாவது பேசிக்கிட்டே இரு. என்ன பேசினாலும் சரி."

எனக்கு இப்போது எரிச்சல் வர ஆரம்பித்தது. ஆறு வருஷம் வளர்த்தவளுக்குத் தெரியாதா என்று கேட்க வேண்டும் போல இருந்தது. இடி இடித்தால் அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. மழை நாட்களில் அது என் வீட்டில் இருந்ததே இல்லை. இவ்வளவு நாளும் அதை நான் கவனித்ததுகூட இல்லை.

யோங் பெங் தாண்டி மறுபடி போன். என் கணவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "எடு, இல்லாட்டி மறுபடி அடிப்பாங்க."

"புள்ள, எடது கண்ணுல அடிக்கடி தண்ணி வடியும். டீத்தண்ணிய நல்லா ஆற வச்சு, பஞ்சுல தொட்டு, மெதுவா தொடச்சு விடு. தெனம் ராத்திரி தொடைக்கணும், விட்டுட்டா திரும்ப வந்துரும்."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதற்குக் கண்ணில் ஏதோ வந்தது எனக்குத் தெரியும். கிளினிக்கில் சொட்டு மருந்து வாங்கி வைத்திருந்தேன், போடுவதற்குள் சரியாகிவிட்டது. பூனைகளுக்கு எல்லாம் தானாகவே சரியாகிவிடும் என்று பாலர் பள்ளியில்கூடப் பெருமையாகச் சொன்னேன். தானாக ஒன்றும் சரியாகவில்லை. பக்கத்து வீட்டில் ஒருத்தர் இரண்டு வருஷமாகத் தினம் ராத்திரி உட்கார்ந்து துடைத்துவிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் கூண்டுக்குள் பார்த்தேன். இடது கண்ணின் ஓரத்தில் ஈரமாக ஒரு கோடு. எனக்கு யார் மேல் கோபம் என்று அப்போது தெரியவில்லை. தேங்காய் உடைத்தவர் மேல், விளக்கோடு முன்னால் உட்கார்ந்திருந்தவர் மேல், மாற்றல் கொடுத்த ஃபேக்டரி மேல், எல்லோர் மேலும் எரிச்சலாக வந்தது. போன் பண்ணிக்கொண்டே இருந்த ராத்தாவின் மேல்கூட.

பாகோவுக்குக் கொஞ்சம் முன்னால் நாலாவது தடவை போன் அடித்தது. இந்தத் தடவையும் ராத்தாதான்.

"என்ன ராத்தா? சாப்பாடா, தண்ணியா?"

"ஒண்ணுமில்ல புள்ள. போனை அதுகிட்ட கொஞ்சம் காட்டேன்."

ஸ்பீக்கரைப் போட்டுக் கூண்டின் கம்பியோடு வைத்துப் பிடித்தேன். ராத்தா தான் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, பெயரை மட்டும்தான், இரண்டு தடவை. செனாயிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் வாயைத் திறக்காத பூனை எழுந்து நின்றது. போனில் முகத்தை வைத்து, கம்பியைக் காலால் பிராண்டிக்கொண்டு, கத்தியது. அப்படிக் கத்தி ஒரே ஒரு தடவைதான் நான் கேட்டிருக்கிறேன், கால்வாயில். தடியன்கூட ஊளையை நிறுத்திவிட்டான். போனில் ராத்தா அழுவது கேட்டது. அழுகிறேன் என்று காட்டிக்கொள்ளாமல் இருக்க அவர் இருமினார்.

"திருப்புங்க," என்றேன்.

"என்னது?"

"காரைத் திருப்புங்க. செனாய்க்கு."

"அலமாக்," என்றார் என் கணவர். "மணி என்ன தெரியுமா? கூலிம் போயி சேர ராத்திரி ஆயிடும்."

"கெளம்பின கால் திரும்பக் கூடாதும்மா," என்றார் நாத்தனார். "பூனை குறுக்க போனதுக்கே நான் மனசு கேக்காம இருக்கேன்."

"ரெண்டு பூனையோட வரேன். மூணு இல்லாட்டி வரமாட்டேன்னு நான்தானே சொன்னேன்? இப்ப நானே சொல்றேன், ரெண்டு போதும். திருப்புங்க." என் குரல் உடைந்தது எனக்கே பிடிக்கவில்லை. "இது என் பூனை இல்ல. நான் கால்வாயில இருந்து தூக்கினேன், அவ்வளவுதான். வளர்த்தது அவங்க. நான் சொல்லாம தூக்கிட்டு வந்துட்டேன்."

நாத்தனார் பின்னால் திரும்பிக் கூண்டைப் பார்த்தார், அது இன்னும் போனைத் தேடிக் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டிருந்தது. பிறகு முன்னால் திரும்பி, விளக்கை மடியில் நேராக வைத்துக்கொண்டு, "திருப்புடா தம்பி, நாளைக்கி காலையில ஆறு மணிக்குள்ள போனா சரிதான்," என்றார். என் கணவர் பெருமூச்சு விட்டு, பாகோ வெளிவழிக்கு சிக்னல் போட்டார்.

போனை நான் இன்னும் வைக்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ராத்தா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"ராத்தா," என்றேன், "கேட்டைத் தொறந்து வைங்க. கொண்டு வரோம்."

"உனக்கு என்ன பைத்தியமா புள்ள? அவ்வளவு தூரம் போயிட்டு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார். பிறகு பதறிப்போய்ச் சொன்னார். "யா அல்லா, இப்பத்தான் மீன்காரன் வேன்ல வந்தான். இனிமே எனக்கு மீன் வேணாம்பா, வீட்டு முன்னால நிக்காதேன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

போனை எங்கேயோ வைக்கிற சத்தம். கேட்டின் தாழ்ப்பாள் திறக்கிற சத்தம். பிறகு முழங்கால் வலிக்காரரான எங்கள் ராத்தா, தெருவில் செருப்பு அடிக்க ஓடிக்கொண்டு, வேனை நிறுத்தச் சொல்லி உரக்கக் கூப்பிடுகிற சத்தம்.